ஓடிய தூரமும் வந்த வழியும்: பழைய சொகுசு வண்டியின் விலை பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

‘மைலேஜ்’ என்னும் சொல் கடல் கடந்து வந்தபோது தன் பொருளை மாற்றிக்கொண்டது. அமெரிக்க ஆங்கிலத்தில் மைலேஜ் மிகுந்த வண்டி என்றால் நெடுந்தூரம் ஓடித் தேய்ந்த வண்டி. அது ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதே தொடர் புகழ்ச்சி. ஒரு லிட்டர் எரிபொருளில் நெடுந்தூரம் போகும் வண்டி என்று பொருள். அமெரிக்கர் மைலேஜ் என்று எதைச் சொல்கிறாரோ, அதற்குத் தமிழரிடமும் மலையாளிகளிடமும் ‘ஓடு’ என்ற பொதுவான திராவிட வினை இருக்கிறது. “எவ்வளவு ஓடியிருக்கிறது?” என்பதே பழைய வண்டி வாங்குபவரின் முதல் கேள்வி. பெரும்பாலானோருக்கு அதுவே கடைசிக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. ஆனால் பழைய வாகனங்களின் வரலாற்றைப் பார்த்தால், வாங்கியவர்களைக் கவிழ்த்தது ஓட்டத்தைவிட, வண்டி வந்த வழியைப் பற்றிய அறியாமையே என்பது தெரியவரும்.

இந்தக் கேள்வி இன்று அழுத்தமாக எழும் இடங்களுள் ஒன்று கொச்சியை ஒட்டிய களமசேரி. இயந்திரங்களை அறிந்த ஊர் அது. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கு அமைந்தது. பிரீமியர் டயர்ஸ் ஆலை அங்கு இயங்கி, 1995-இல் அப்போலோ நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. 1971-இல் நிறுவப்பட்ட கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அங்குதான் இருக்கிறது. இடப்பள்ளியிலிருந்து ஆலுவா நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஊரின் நடுவே ஓடுகிறது. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள் அங்கே பார்த்துப் பழகிய பெரிய நான்கு சக்கர இயக்க வண்டிகளின் மீதான விருப்பத்தையும் கூடவே கொண்டுவந்தனர். புதியதாக வாங்க எண்ணிப்பார்க்கவே முடியாத ஒரு சொகுசு எஸ்.யூ.வி., பத்து ஆண்டுகள் கழித்து ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓட்டத்துடன், நடுத்தரக் குடும்பம் வாங்கும் புதிய சிறு கார் ஒன்றின் விலைக்கே விற்பனைக்கு நிற்கிறது. வாங்கலாமா, கூடாதா?

1. மதராஸ் துறைமுகத்தில் 155 ஜீப்புகள்

இந்தக் கேள்வியைச் சுதந்திர இந்தியாவின் அரசே ஒருமுறை எதிர்கொண்டது. 1948-இல் காஷ்மீர்ப் போருக்கு ஜீப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. அப்போது இலண்டனில் இந்திய உயர் ஆணையராக இருந்தவர் வி. கே. கிருஷ்ண மேனன். பழுதுபார்த்துச் சீராக்கப்பட்ட பழைய ஜீப்புகளை வாங்குவதற்கு, அதிகம் அறியப்படாத ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடன் ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய் மதிப்பிலான ஒப்பந்தம் வழக்கமான நடைமுறையைப் பின்பற்றாமல் செய்யப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி முன்கூட்டியே செலுத்தப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 வண்டிகள். மதராஸ் துறைமுகத்தில் இறங்கிய அவை பயன்படுத்தத் தக்க நிலையில் இல்லை.

நாடாளுமன்றத்தில் இது பெரும் விவாதமானது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் குற்றச்சாட்டுகளுள் ஒன்றாக ‘ஜீப் விவகாரம்’ இன்றும் குறிப்பிடப்படுகிறது. 1955 செப்டம்பரில் அரசு இவ்விவகாரம் முடிந்துவிட்டதாக அறிவித்தது. 1956 பிப்ரவரியில் மேனன் மத்திய அமைச்சரானார். அவர் தனிப்பட்ட முறையில் ஆதாயம் பெற்றதாக எந்த நீதிமன்றமும் கூறவில்லை. அரசியல் வரலாற்றாசிரியர்கள் இதைப் பொறுப்புக்கூறலின் கதையாகப் படிக்கின்றனர். பழைய வண்டி வாங்குபவருக்கு அதில் வேறொரு பாடம் இருக்கிறது. அந்த ஜீப்புகளின் ஓட்டம் எவ்வளவு என்பது அங்கே சிக்கலாகவில்லை. வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே பணம் கைமாறியதும், சீராக்கப்பட்டவை என்ற சொல் சோதனையின் இடத்தைப் பிடித்துக்கொண்டதுமே சிக்கலாயின.

2. ‘டிஸ்போசல்’ என்னும் நற்சான்று

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவத்தின் உபரி வண்டிகள் ஏலத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்தன. மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் ஒருங்கிணைக்கத் தொடங்கியது. மலைத்தோட்டப் பகுதிகளில் ஜீப் அன்றாட வாகனமானது. இந்தக் காலத்தில்தான் ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற தொடர் தமிழிலும் மலையாளத்திலும் வேரூன்றியது. கழித்துக்கட்டப்பட்டது என்ற நேர்ப்பொருள் மங்கி, உறுதியானது, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது, கணக்கில் வந்தது என்ற மதிப்பு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ராணுவம் வைத்திருந்த வண்டி என்றாலே வரலாறு தெளிவானது என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. பல பத்தாண்டுகள் கழித்து இந்த நம்பிக்கையையே வேறு சிலர் பயன்படுத்திக்கொண்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதற்கு முன், வண்டிகள் ஜீப்பிலிருந்து சொகுசுக்கு மாறிய கதையைப் பார்க்க வேண்டும்.

சேற்றுக்கும் மாளிகைக்கும் பொதுவான வாகனம் என்ற கருத்துக்கு 1970-இல் பிரிட்டனில் அறிமுகமான ரேஞ்ச் ரோவர் வடிவம் தந்தது. இந்தியாவில் மெர்சிடிஸ் பென்ஸ் 1990-களின் நடுவில் புனேயில் உற்பத்தியைத் தொடங்கியது. பி.எம்.டபிள்யூ. 2007-இல் சென்னை அருகே ஆலையைத் திறந்தது. 2008-இல் டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவரை ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கியது. இவற்றால் பெருகிய வண்டிகளை முதல் உரிமையாளர்கள் சில ஆண்டுகளில் கைமாற்றினர். அப்படித்தான் பழைய சொகுசு வண்டிச் சந்தை தடித்தது.

வெளிநாட்டில் ஓடிய பழைய வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுவருவது மட்டும் கடினமாகவே இருந்தது. 2001-இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபோதும் பழைய கார்களுக்கு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. உற்பத்தியாகி மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. வலப்புற ஸ்டியரிங் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். அத்துடன் கடுமையான சுங்க வரி. எனவே பத்துப் பதினைந்து ஆண்டுப் பழமையான அயல்நாட்டு வண்டி ஒன்று மலிவாகக் கிடைத்தால், அது எந்த வாசல் வழியாக வந்தது என்ற கேள்வி இயல்பாகவே எழ வேண்டும்.

3. மலிவுக்கு மூன்று காரணங்கள்

வண்டியின் விலை இறங்குவதற்கு ஓட்டம் மட்டுமே காரணம் என்பது பொதுவான எண்ணம். கொச்சிச் சந்தைக்கு வந்த வண்டிகளின் அண்மைக்கால வரலாறு வேறு மூன்று காரணங்களைக் காட்டுகிறது.

முதலாவது, வரி. மாநிலத்துக்கு மாநிலம் வாகன வரி வேறுபடுகிறது. 2017-இல் கேரளத்தில் வெளிச்சத்துக்கு வந்த புதுச்சேரிப் பதிவு விவகாரம் இதன் விளைவு. கேரளத்தில் வாழ்பவர்கள், திரைத்துறையினரும் அரசியல்வாதியும் உட்பட, புதுச்சேரி முகவரி காட்டிச் சொகுசு வண்டிகளைப் பதிந்து வரியைத் தவிர்த்ததாக வழக்குகள் பதிவாயின. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். முதல் உரிமையாளர் தவிர்த்த வரி, இரண்டாம் உரிமையாளரின் வாசலில் வந்து நிற்கக்கூடும்.

இரண்டாவது, சுற்றுச்சூழல் ஆணைகள். தலைநகரப் பகுதியில் பத்து ஆண்டுகள் கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. ஓடும் நிலையில் உள்ள டீசல் எஸ்.யூ.வி.களின் மதிப்பு தில்லியில் சரிந்தது. வண்டி கெடாமலேயே விலை கெட்டது. அவற்றுள் நல்ல வண்டிகள் பல உண்டு. ஆனால் அவை எங்கே, யாரிடம், எப்படிப் பராமரிக்கப்பட்டன என்பதை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அறிவது எளிதன்று.

மூன்றாவது, வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையும், 2018 ஆகஸ்டில் பெரியாற்றங்கரை ஊர்களும் மூழ்கின. களமசேரிக்கு அடுத்த ஆலுவாவும் ஏலூரும் அந்த வெள்ளத்தைக் கண்ட ஊர்கள். நீரில் நின்ற சொகுசு வண்டியின் இருக்கையைத் துவைத்துவிடலாம். கம்பிப் பின்னல்களுக்குள் புகுந்த ஈரம் ஆண்டுகள் கழித்தே தன்னைக் காட்டும். இத்தகைய வண்டி மிகக் குறைவாக ஓடியதாக இருப்பதற்கும் வாய்ப்புண்டு. அங்கே குறைந்த ஓட்டம் நற்குணம் ஆகாது.

4. அக்கர்லாஃபின் எலுமிச்சை

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை என்னவாகும் என்பதை ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட முதன்மை எடுத்துக்காட்டு பழைய கார்ச் சந்தைதான். அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘எலுமிச்சை’ என்பது வெளித்தோற்றத்தில் குறையில்லாத, உள்ளே பழுதுள்ள காரைக் குறிக்கும். நல்லதையும் பழுதையும் வாங்குபவர் பிரித்தறிய முடியாவிட்டால் அவர் இரண்டுக்கும் நடுவான விலையையே தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க அதன் உரிமையாளர் இசையமாட்டார், விலகுவார். சந்தையில் பழுதானவற்றின் விகிதம் கூடும். விலை மேலும் இறங்கும். மூன்று ஆய்விதழ்கள் மறுத்த பிறகே அந்தக் கட்டுரை வெளியானது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவே அடிப்படை.

நல்ல வண்டியின் உரிமையாளர் தன் வண்டி நல்லது என்று நிறுவுவதற்கு ஏதேனும் சான்று தேவை. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் அத்தகைய சான்றாகக் கருதப்பட்டது. தூரத்தை எண்ணும் கருவி மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இப்படியொரு கருவியை விவரித்திருக்கிறார்: சக்கரம் ஒரு மைல் தூரம் உருண்டதும் ஒரு கூழாங்கல் வெண்கலக் கலத்தில் விழும், பயண முடிவில் கற்களை எண்ணினால் தூரம் தெரியும். கல்லைக் கலத்திலிருந்து எடுத்துவிட முடியும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. மீட்டரைத் திருப்பி வைப்பதை அமெரிக்கா 1972-இல் கூட்டரசுச் சட்டத்தால் தடுக்க வேண்டியிருந்தது. மின்னணு மீட்டர் வந்த பின்னும் அந்தத் தொழில் ஒழியவில்லை; திருகாணியின் இடத்தை மடிக்கணினி பிடித்தது.

மீட்டர் பொய் சொல்லாவிட்டாலும் அது முழு உண்மையைச் சொல்வதில்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைச் சராசரி 60 கி.மீ. வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடிய என்ஜின் 2,500 மணி நேரம் உழைத்திருக்கும். அதே தூரத்தை நகர நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஓடியது 7,500 மணி நேரம் உழைத்திருக்கும். எண் ஒன்று, உழைப்பு மூன்று மடங்கு. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு வாரந்தோறும் போய்வந்த வண்டியும், இடப்பள்ளிச் சந்திப்பில் நாள்தோறும் நின்று நகர்ந்த வண்டியும் மீட்டரில் ஒன்றுபோலவே தெரியும்.

5. நும்கோர்

2025 செப்டம்பர் 23 அன்று கொச்சிச் சுங்கத்துறையின் தடுப்புப் பிரிவு கேரளத்தின் பல இடங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தி, முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பறிமுதல் செய்தது. திரைநடிகர்களின் வீடுகளும் சோதனைக்கு உள்ளாயின. நடவடிக்கையின் பெயர் ‘நும்கோர்’. பூட்டானின் தேசிய மொழியான சோங்காவில் மோட்டார் வாகனம் என்று பொருள். சொல்லைப் பிரித்தால் ‘எண்ணெய்’, ‘சக்கரம்’.

பூட்டானில் கழிக்கப்பட்ட லேண்ட் குரூசர், லேண்ட் ரோவர் முதலான வண்டிகள் சுங்க வரியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டன. இந்திய ராணுவம், தூதரகங்கள் போன்றவற்றின் பெயரில் போலி ஆவணங்கள் உருவாக்கப்பட்டன. வேறு மாநிலங்களில் பதியப்பட்டு, பிறகு இங்கே விற்கப்பட்டன. கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட ஒரு குழு இதன் பின்னணியில் இருந்தது என்பன சுங்கத்துறையின் குற்றச்சாட்டுகள். வண்டியை இழந்த ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். தற்காலிக விடுவிப்புக்கு அவர் அளிக்கும் மனுவைச் சுங்கத்துறை பரிசீலிக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் நீதிமன்றம் கூறியது. குற்றச்சாட்டுகளின் உண்மையை முடிவுசெய்யும் வேலை சட்டத்தினுடையது.

‘டிஸ்போசல்’ என்ற சொல் ஈட்டிவைத்த நற்பெயர் எவ்வாறு ஒரு போலி ஆவணத்துக்கு வலுவூட்டக்கூடும் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. 1962 சுங்கச் சட்டத்தின் பறிமுதல் முதன்மையாகப் பொருளின் மீதே பாய்கிறது. நல்லெண்ணத்தோடு வாங்கியவர் தண்டனையிலிருந்து தப்பலாம். வண்டி தப்பும் என்பதற்கு உறுதியில்லை. பளபளக்கும் ஆர்.சி. புத்தகம் கையில் இருப்பது போதாது. அந்தப் புத்தகத்தின் முதல் பக்கம் எங்கே எழுதப்பட்டது என்பதே கேள்வி.

6. களமசேரியில் எடுக்க வேண்டிய முடிவு

கவனமான பதிப்பாசிரியர் கூடுமானவரை ஒரே சுவடியை நம்பி நூலைப் பதிப்பிக்கமாட்டார். பல படிகளை ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளைக் குறித்த பிறகே அவர் ஒரு பாடத்தை ஏற்பார். பழைய வண்டிக்கும் அந்த முறையே பொருந்தும். மீட்டர் ஒரு படி. சர்வீஸ் ரசீதுகளில் தேதியோடு பதிவான ஓட்டம் மற்றொரு படி. பல சொகுசு வண்டிகளில் கியர்பாக்ஸ் முதலானவற்றின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் ஓட்டத்தைத் தனியே பதிந்து வைக்கும். முகப்பு மீட்டரை மாற்றியவர் அவை எல்லாவற்றையும் மாற்றியிருப்பார் என்பதில்லை. பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், ஓட்டுநர் இருக்கையின் விளிம்பு ஆகியனவும் சாட்சிகள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் வெள்ளத்தின் சேற்றுக்கோடு சில வேளைகளில் அங்கே எஞ்சியிருக்கும். சட்டகத்தில் பொறித்த சேசிஸ் எண், ஆர்.சி.யில் உள்ள எண், அரசின் வாகன் தரவுத்தளத்தில் உள்ள எண் மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்.

சட்டமும் சில கருவிகளைத் தருகிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். 2012-இல் பதிந்த வண்டியை 2025-இல் வாங்குபவர் இரண்டே ஆண்டுகளில் புதுப்பித்தலைச் சந்திக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-ஆம் பிரிவு. பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ளவரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்ததால், இதில் விற்பவருக்கும் அக்கறை உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பழைய வண்டி வணிகர்கள் அங்கீகாரம் பெறுவதையும், தம்மிடம் உள்ள வண்டிகளின் பயணங்களை ஓட்டத்துடன் மின்னணுப் பதிவேட்டில் குறிப்பதையும் கட்டாயமாக்கின. அந்த அங்கீகாரத்தைக் காட்டும்படி கேட்பது வாங்குபவரின் உரிமை.

வரலாறு தெளிவாக இருந்தாலும் ஒரு கணக்கு மீதமிருக்கிறது. வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்கும். உதிரிபாகங்களின் விலை அவ்வாறு இறங்குவதில்லை. ஏர் சஸ்பென்ஷன், டர்போ, தானியங்கி கியர்பாக்ஸ் ஆகியவற்றுக்கு அந்த வண்டி புதியதாக இருந்தபோது இருந்த தரத்திலேயே செலவாகும். சிறு காரின் விலைக்கு வாங்கியவர் பெரிய காரைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. வாங்கும் தொகைக்கு மேல், முதல் ஆண்டுப் பழுதுபார்ப்புக்கு ஒரு கணிசமான தொகையைத் தனியே எடுத்துவைக்க முடியாதவர், எவ்வளவு நல்ல வண்டியானாலும் அதை விட்டுவிடுவதே தகும்.

எடுத்துவைக்க முடிந்தவர்க்குக் கிடைக்கும் விடை, சந்தையின் பழக்கத்துக்கு மாறானது. ரசீதுகள் தொடர்ச்சியாக உள்ள, ஒரே பணிமனையில் பராமரிக்கப்பட்ட, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, இடையில் நான்கு ஆண்டுகள் எங்கிருந்தது என்று யாராலும் சொல்ல முடியாத அறுபதாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிட மேலானது. முன்னதன் தேய்மானத்தை ஒரு மெக்கானிக் அளந்து விலையில் கழிக்க முடியும். பின்னதில் எதைக் கழிப்பது என்றே தெரியாது. சோதனை முடியும் முன் முன்பணம் கேட்கும் இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். மதராஸ் துறைமுகத்தில் இறங்கிய ஜீப்புகளின் நட்டத்தை ஓர் அரசு தாங்கிக்கொண்டது. பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு ஒரு வண்டி வாங்கும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை.